சத்தியில் இருக்கும் அறக்கட்டளை கோயம்புத்தூருக்கு இடம் மாறலாமா?

கடம்பூர்ப்பாதை (தொடக்கப் பதிவு):

வணக்கங்க. கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பதினோரு வருடமாகச் சத்தியமங்கலத்தில் சின்னதாக ஓர் அறக்கட்டளை நடத்துகிறோம். கடம்பூர் மலையில் ஊராளி, சோளகர், மலையாளி (கேரளத்துக்காரர்கள் இல்லை, இங்கத்து மலைவாழ் இனம்) மக்கள் இருக்கிற ஊர்களில் வேலை. சாயங்காலப் படிப்பு மையங்கள், பள்ளிக்கூடத்தை விட்டு நின்ற பிள்ளைகளைத் திரும்பச் சேர்ப்பது, சாதிச் சான்றுக்கும் ஆதாருக்கும் கூட அலைவது, உடம்பு முடியாதவர்களைப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போவது. சம்பளத்தில் ஒன்பது பேர். ஆபீஸ் சத்தி பஸ் ஸ்டாண்டு பக்கம், வாடகை 6,500.

போன மாதம் நடந்த கூட்டத்தில் எங்கள் அறங்காவலர் இரண்டு பேர், ஆபீஸைக் கோயம்புத்தூருக்கு மாற்றிவிடலாம் என்று பேச்சை எடுத்தார்கள். நன்கொடை கொடுப்பவர்கள் அங்கேதான் இருக்கிறார்கள், ஆடிட்டர் அங்கே, ஆஸ்பத்திரி அங்கே, படித்த பிள்ளைகள் வேலைக்குக் கிடைப்பதும் அங்கே என்பது அவர்கள் பக்கம். எனக்கு மனசு ஒப்பவில்லை. அது வேலைக்கு நல்லதை நினைத்தா, பழகின இடத்தை விட மனமில்லாமலா என்று எனக்கே பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. கடம்பூரிலிருந்து ஒருவர் காலையில் இறங்கி வந்து, எங்கள் ஆபீசில் ஒரு மனுவை எழுதி வாங்கிக்கொண்டு, தாலுகா ஆபீசில் கொடுத்துவிட்டு, சாயங்காலத்துக்குள் வீடு திரும்பிவிட முடிகிறது. கோவை என்றால் அது நடக்காது.

இந்த வேலை தெரிந்தவர்கள் சொல்லுங்கள். அடுத்த கூட்டம் இன்னும் மூன்று வாரத்தில்.

நொய்யல்கரை:

அம்மிணி, மாறுங்கள். தயங்கவே வேண்டாம்.

நான் மில்லில் முப்பது வருடம் இருந்தவன். ஓய்வு பெற்ற பிறகு கோவையில் மூன்று அறக்கட்டளைகளின் நிர்வாகக் குழுவில் இருந்திருக்கிறேன். பணத்தையும் ஆடிட்டரையும் பற்றி மற்றவர்கள் சொல்வார்கள். நான் சொல்ல வந்தது வேறு.

மலையடிவாரத்தில் ஓர் அமைப்பு இருந்தது. பெயர் வேண்டாம். அதை ஆரம்பித்தவர் தன் தோட்டத்துச் சாளையிலேயே உட்கார்ந்து இருபத்திரண்டு வருடம் நடத்தினார். அவர் செய்த வேலையை நான் நேரில் பார்த்திருக்கிறேன், கும்பிடத் தகுந்த வேலை. ஒரு நாள் பக்கவாதம் வந்து படுத்துவிட்டார். எந்த நன்கொடையாளர் எந்த மாதம் பணம் அனுப்புவார், வங்கிக் கணக்கில் யார் கையெழுத்துப் போட வேண்டும், நன்கொடையாளருக்கு வரிச்சலுகை தருகிற 80ஜி பதிவைப் புதுப்பிக்க எந்தக் காகிதம் எங்கே இருக்கிறது, எல்லாம் அவர் ஒருத்தர் மண்டையில் இருந்தது. எடுத்து நடத்த ஆள் தேடி நாங்கள் நாலு பேர் போனோம். அந்த ஊருக்குக் குடிவர ஒருத்தரும் சம்மதிக்கவில்லை. பதினான்கு மாதத்தில் பூட்டினார்கள். அங்கே தங்கிப் படித்த பிள்ளைகளில் பாதிப் பேர் செங்கல் சூளைக்குப் போய்விட்டார்கள்.

நகரத்திலும் அமைப்பை ஆரம்பித்தவர்கள் சாகிறார்கள். எங்கள் குழுவிலேயே அப்படி நடந்தது. ஆனால் அதே மாதம் வேறோர் அமைப்பில் பன்னிரண்டு வருடம் வேலை பார்த்த ஓர் அம்மா வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். அவர் வீடு இரண்டு தெரு தள்ளி. ஒரே தொழிலில் நூறு பேர் இருக்கிற இடத்தில்தான் ஒருத்தர் விட்டதை இன்னொருத்தர் எடுக்க முடியும். கோயம்புத்தூரில் பம்பு செட்டும் மோட்டாரும் வளர்ந்ததும் இப்படித்தான். ஒரு பட்டறையில் தொழில் படித்தவர் பக்கத்திலேயே இன்னொரு பட்டறை போட்டார். சேவை வேலைக்கும் அந்த நெருக்கம் வேண்டும்.

கொடுக்கிற பழக்கமும் இந்த ஊரில் பழையது. பி.எஸ்.ஜி. சகோதரர்கள் நாலு பேர் 1926ல் குடும்பச் சொத்தை ஐந்து பங்காக்கி, ஐந்தாவது பங்கைத் தருமத்துக்கு வைத்தார்கள். இன்றைக்குப் பீளமேட்டில் நிற்கிற கல்லூரிகளும் ஆஸ்பத்திரியும் அந்த ஐந்தாவது பங்கிலிருந்து வளர்ந்தவை. 2003ல் தண்ணீர்ப் பஞ்சம் கழுத்தைப் பிடித்தபோது தொழிலதிபர்களும் பொதுமக்களும் சேர்ந்து சிறுதுளி என்ற அமைப்பைத் தொடங்கி, நொய்யலை நம்பியிருக்கிற குளங்களைத் தூர்வார இறங்கினார்கள். கூப்பிட்டால் வருகிற ஆட்கள் ஒரே இடத்தில் இருந்ததால் அது முடிந்தது.

மலைக்காடு:

அக்கா, நான் தாளவாடிப் பக்கம். ஐயா சொன்னதை மதிக்கிறேன், ஆனால் ஒத்துக்கொள்ள முடியவில்லை.

முதலில் ஊர் நிலைமையைச் சொல்கிறேன். தாளவாடிக்குத் திம்பம் ஏறித்தான் வர வேண்டும், 27 கொண்டை ஊசி வளைவு. 2022ல் உயர் நீதிமன்ற உத்தரவு வந்த பிறகு ராத்திரி வண்டிப் போக்குவரத்துக்குத் தடை. ஆம்புலன்ஸ் மாதிரிச் சில வண்டிகளுக்கு விலக்கு உண்டு, மற்றவர்கள் நேரம் பார்த்துத்தான் கிளம்ப வேண்டும். எங்கள் ஆட்களுக்கு உடம்பு சரியில்லை என்றால் பாதிப் பேர் அந்தப் பக்கம் சாம்ராஜ்நகருக்குத்தான் போகிறார்கள். கன்னடமும் தெரியும், தூரமும் குறைவு. எங்களுக்குப் பெரிய நகரம் எது என்று கேட்டால் மைசூர் என்று சொல்கிற கிழவிகள் உண்டு. கோவையில் உட்கார்ந்து எங்களுக்கு வேலை செய்ய நினைப்பவருக்கு இது தெரியவே பத்து வருடம் ஆகும்.

அடுத்தது, கடம்பூரும் தாளவாடியும் ஈரோடு மாவட்டம். கலெக்டர் ஈரோட்டில், ஆர்.டி.ஓ. (கோட்டாட்சியர்) கோபியில், கடம்பூருக்குத் தாலுகா ஆபீஸ் சத்தியில். கோவையில் உங்கள் மனுவை வாங்க ஓர் அதிகாரிகூடக் கிடையாது.

நகரத்து அமைப்புகளை நிறையப் பார்த்துவிட்டோம். சனிக்கிழமை காலையில் வேனில் வருவார்கள். நோட்டுப் புத்தகம், போர்வை, ஒரு பேனர், போட்டோ. நாலு மணிக்குத் திம்பம் இறங்கிவிடுவார்கள். வந்தவர்கள் கெட்டவர்கள் இல்லை, நல்ல மனசோடுதான் வந்தார்கள். ஆனால் ஒரே ஊருக்கு ஒரே வருடத்தில் மூன்று தடவை போர்வை வந்தது. அந்த ஊருக்கு வேண்டியிருந்தது வன உரிமைச் சட்டத்தில் நிலப் பட்டாவுக்கு மனு எழுத ஓர் ஆள். போர்வை கொடுத்துப் போனவர்களுக்கு அது தெரியவில்லை, ஏனென்றால் ராத்திரி அங்கே தங்கியவர் யாருமில்லை.

தருமபுரி மாவட்டம் சிட்லிங்கியைப் பாருங்கள். 1993ல் ஒரு டாக்டர் தம்பதி அந்தப் பள்ளத்தாக்கிலேயே குடிவந்து ஓலைக் குடிசையில் மருத்துவம் பார்க்க ஆரம்பித்தார்கள். அந்த ஊர்ப் பெண்களையே நர்சாகப் பழக்கினார்கள். இன்றைக்கு ஆஸ்பத்திரி, இயற்கை விவசாயிகள் சங்கம், லம்பாடிப் பெண்களின் பூத்தையல் என்று அங்கேயே வேர் விட்டிருக்கிறது. அவர்கள் சேலத்தில் ஆபீஸ் போட்டு வாரம் ஒரு தடவை வந்து போயிருந்தால் இது நடந்திருக்குமா?

கணக்கேடு:

நான் ஆடிட்டர் ஆபீசில் வேலை பார்க்கிறேன், டிரஸ்ட் கணக்குகள் என் மேசைக்கு வரும். எந்தக் கட்சியும் சேராமல் விவரம் மட்டும் சொல்கிறேன். கோவைக்கு வந்தால் பணம் வரும் என்ற நம்பிக்கையில் பாதி சரி, பாதி தப்பு.

கம்பெனிகளின் சமூகப் பொறுப்பு நிதி, நாம் சி.எஸ்.ஆர். என்று சொல்வது, 2013 கம்பெனிச் சட்டத்தின் 135ஆம் பிரிவு. 2014 ஏப்ரலிலிருந்து நடைமுறை. நிகர மதிப்பு 500 கோடி, விற்றுமுதல் 1,000 கோடி, நிகர லாபம் 5 கோடி, இதில் ஏதாவது ஒன்றைத் தொட்ட கம்பெனி, கடந்த மூன்று வருடச் சராசரி லாபத்தில் 2 சதவீதம் செலவு செய்ய வேண்டும். அதே பிரிவு, தான் தொழில் நடத்துகிற வட்டாரத்துக்கு முன்னுரிமை கொடுக்கச் சொல்கிறது. கட்டாயம் இல்லை என்று அரசாங்கம் விளக்கம் கொடுத்திருந்தாலும் கம்பெனிக்காரர்கள் அப்படித்தான் யோசிக்கிறார்கள். பெயர்ப் பலகையைக் கோவை அவினாசி ரோட்டுக்குக் கொண்டுவந்து நட்டாலும் உங்கள் பயனாளிகள் கடம்பூரில்தான் இருப்பார்கள். தொழிற்சாலை பெரியநாயக்கன்பாளையத்தில் இருக்கிற கம்பெனி உங்கள் விலாசத்தைப் பார்க்காது, வேலை நடக்கிற ஊரைத்தான் பார்க்கும். உங்களுக்குப் பக்கம் என்றால் பெருந்துறை சிப்காட்டைப் பாருங்கள்.

வெளிநாட்டுப் பணம் வாங்குகிற அனுமதி உங்களிடம் இருந்தால் இன்னும் ஒன்று. 2020ல் எஃப்.சி.ஆர்.ஏ. சட்டத்தைத் திருத்திய பிறகு அந்தப் பணம் முதலில் டெல்லி நாடாளுமன்றத் தெரு ஸ்டேட் பாங்க் கிளைக்குத்தான் வந்து சேரும். அங்கிருந்து உங்கள் ஊர் வங்கிக்கு மாற்றிக்கொள்ளலாம். சத்தியில் இருந்தாலும் ஒன்றுதான், சென்னையில் இருந்தாலும் ஒன்றுதான். ஆனால் நிர்வாகச் செலவு வரம்பை 50 சதவீதத்திலிருந்து 20 சதவீதமாகக் குறைத்துவிட்டார்கள். நகர வாடகை அந்த இருபதுக்குள் அடங்க வேண்டும். இதை முதலில் கணக்குப் போடுங்கள்.

12ஏ, 80ஜி என்கிற வருமான வரிப் பதிவுகளையெல்லாம் இப்போது காலக்கெடு வைத்துப் புதுப்பிக்க வேண்டியிருக்கிறது. நன்கொடைப் பட்டியலை வருடா வருடம் மே 31க்குள் ஏற்ற வேண்டும், தவறினால் தினக்கணக்கில் கட்டணம். இதற்கெல்லாம் விவரமான கணக்காள் வேண்டும் என்பது உண்மை. அந்த ஆள் கோவையில் சுலபமாகக் கிடைப்பார் என்பதும் உண்மை.

பனியன்ஊர்:

நான் கொடுக்கிற பக்கத்திலிருந்து பேசுகிறேன். திருப்பூரில் நாற்பது தையல் மெஷின் வைத்துச் சின்ன பனியன் கம்பெனி. பங்குதாரர் நிறுவனம், அதனால் மேலே சொன்ன 2 சதவீதச் சட்டம் எனக்குக் கிடையாது. எங்கள் ஊரில் முக்கால்வாசிப் பேர் இப்படித்தான். கொடுப்பது மனசைப் பொறுத்தது.

நல்ல சீசனில் வருடம் ஒரு லட்சம், ஒன்றரை லட்சம் கொடுத்திருக்கிறேன். யாருக்குக் கொடுத்தேன் என்று இந்தத் திரியைப் படித்த பிறகு நேற்று ராத்திரி எழுதிப் பார்த்தேன். எங்கள் ஊர்க் கோயில், நான் படித்த பள்ளிக்கூடம், அப்பாவை வைத்திருந்தபோது கோவை ஆஸ்பத்திரி வராந்தாவில் பழக்கமான ஓர் அமைப்பு, ஏர்போர்ட் போகிற வழியில் நண்பர் கூட்டிப்போய்க் காட்டிய ஒரு முதியோர் இல்லம். நாலும் என் கண்ணில் பட்டவை. கடம்பூருக்கு நான் ஒரு தடவைகூட வந்ததில்லை. அங்கே இப்படி ஒரு வேலை நடப்பதே இன்றைக்குத்தான் தெரியும். இது பெருமையாகச் சொல்கிற விஷயம் இல்லை. என் பணம் தேவை இருக்கிற இடத்துக்குப் போகவில்லை, என் வழியில் நின்றவர்களுக்குப் போயிருக்கிறது. என்னைப் போன்றவர்கள் போகிற வழியில் நீங்களும் நிற்க வேண்டும் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

மலைக்காடு:

பனியன்ஊர் அண்ணா, நீங்கள் மனம் திறந்து சொன்னது நல்லது. ஆனால் கேட்க வருத்தமாக இருக்கிறது. உங்கள் வழியில் வந்து நிற்க நாங்கள் ஆபீஸை மாற்ற வேண்டும், வாடகை மூன்று மடங்கு கட்ட வேண்டும், மையத்து டீச்சருக்குக் கொடுக்கிற காசில் கண்ணாடிக் கதவு போட வேண்டும். அதைவிட நீங்கள் ஒரு நாள் வரலாம். கே.என்.பாளையம் தாண்டி மலை ஏறினால் கடம்பூர். திருப்பூரிலிருந்து காலையில் கிளம்பினால் சாயங்காலம் வீடு திரும்பலாம். வாங்க, நான் கூட வருகிறேன்.

பனியன்ஊர்:

வருகிறேங்க. ஆனால் நான் வருவேன், என்னைப் போல இன்னும் ஆயிரம் பேர் வர மாட்டார்கள். அதையும் சேர்த்து யோசியுங்கள்.

அவினாசிரோடு:

நான் கோவையில் ஓர் ஆஸ்பத்திரியில் நோயாளிகளுக்கு உதவி செய்கிற பிரிவில் இருக்கிறேன். எந்த ஆஸ்பத்திரி என்று சொல்லவில்லை.

இரண்டு வருடம் முன்னால் மலையூரிலிருந்து ஓர் அம்மா, நாலு வயதுப் பையனைக் கூட்டிக்கொண்டு வந்தார். இதயத்தில் ஓட்டை. கூட வந்தவர் ஒரு தொண்டு அமைப்பின் பணியாளர், நல்ல பையன். ஆனால் அவருக்கு மறுநாள் மலையில் வேலை, கடைசி பஸ்ஸைப் பிடிக்கக் காந்திபுரம் போய்விட்டார். ராத்திரி டாக்டர் வந்து, ஆபரேஷனுக்கு முன்னால் ஒரு பரிசோதனை செய்ய வேண்டும், கையெழுத்து வேண்டும் என்று கேட்டார். அந்த அம்மா எங்கே தன் பையனை எடுத்துக்கொள்வார்களோ என்று பயந்துவிட்டார். அவருடைய பேச்சு எங்களுக்குச் சரியாகப் புரியவில்லை, எங்கள் பேச்சு அவருக்குப் புரியவில்லை. விடிகிறதுக்குள் பையனைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டார். நான் டியூட்டிக்கு வந்தபோது கட்டில் காலி. அந்தக் கட்டிலை இன்றைக்கும் கடக்கும்போது நினைப்பு வரும்.

இன்னொரு சிக்கல் காகிதம். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் குடும்பத்துக்கு வருடம் 5 லட்சம் வரை சிகிச்சை கிடைக்கும். ஆனால் வருமானச் சான்று அவர்கள் ஊர் வி.ஏ.ஓ.விடம்தான் வாங்க வேண்டும், ரேஷன் கார்டில் பெயர் சரியாக இருக்க வேண்டும். காகிதம் கடம்பூரில், கட்டில் கோயம்புத்தூரில். இரண்டு பக்கமும் ஆள் இருந்து போனில் பேசிக்கொள்கிற அமைப்புகளின் நோயாளிகள் சிகிச்சை முடித்து வீட்டுக்குப் போகிறார்கள். ஒரு பக்கம் மட்டும் ஆள் வைத்திருப்பவர்களின் நோயாளிகள் பாதியில் கிளம்புவதை வாரா வாரம் பார்க்கிறேன்.

அதனால் நான் மாறச் சொல்கிற பக்கம்.

மலைக்காடு:

அக்கா, நீங்கள் சொன்னதைப் படித்துக் கொஞ்ச நேரம் ஒன்றும் எழுத முடியவில்லை. அந்தப் பையன் எந்த ஊர் என்று எனக்கு ஓரளவு ஊகிக்க முடிகிறது.

ஆனால் நீங்கள் கேட்பது ஆஸ்பத்திரிப் பக்கத்தில் ஓர் அறை, ஊர்ப் பேச்சுத் தெரிந்த ஓர் ஆள். அது தலைமை ஆபீஸ் இல்லை. தலைமை எங்கே உட்காருகிறதோ அங்கே இருக்கிற கஷ்டம்தான் முதலில் கண்ணில் படும். சத்தியில் இருக்கும்போது சர்க்கரைப்பள்ளத்தில் வெள்ளம் வந்து மாக்கம்பாளையம் துண்டிக்கப்பட்டது என்றால் அன்றைக்கே ஆபீசில் எல்லோரும் அதைப் பேசுவார்கள். கோவையில் அது பேப்பரில் மூன்றாம் பக்கம்.

தறிச்சத்தம்:

பள்ளிபாளையத்திலிருந்து. இந்த விவாதத்துக்கு நம் பகுதியிலேயே நூறு வருடத்துக்கு முன்னால் ஒரு முன்மாதிரி இருக்கிறது, யாரும் சொல்லவில்லையே என்று எழுதுகிறேன். சேலத்தில் பேர் வாங்கிய வக்கீலாக இருந்தவர் ராஜாஜி. 1925ல் திருச்செங்கோடு பக்கம் புதுப்பாளையத்தில் காந்தி ஆசிரமம் தொடங்கிக் குடும்பத்தோடு குடிசையில் வந்து இருந்தார். மழை பொய்த்த பூமி. பெண்கள் ராட்டை நூற்றுக் கொண்டுவந்து கொடுத்துக் கூலி வாங்கினார்கள். மதுவிலக்குக்காக விமோசனம் என்ற பத்திரிகை அங்கிருந்தே வந்தது, கல்கி அங்கேதான் இருந்து அதில் வேலை பார்த்தார். பஸ்ஸும் போனும் இல்லாத காலத்தில் கிராமத்திலிருந்து நாடு முழுவதும் கேட்கிற குரல் கொடுக்க முடிந்திருக்கிறது.

நொய்யல்கரை:

தறிச்சத்தம், நல்ல உதாரணம் கொடுத்தீர்கள். ஆனால் அது என் பக்கத்துச் சாட்சி. புதுப்பாளையத்துக்கு வருமுன் ராஜாஜி சேலம் நகராட்சித் தலைவராக இருந்தவர், காங்கிரஸில் தலைவர், காந்திக்கு நெருக்கம். நகரத்தில் சம்பாதித்த உறவை எல்லாம் கையில் எடுத்துக்கொண்டு கிராமத்துக்குப் போனார். நூற்ற கதர் எங்கே விற்றது? நகரத்தில். அந்த உறவு இல்லாத ஒரு சத்தியமங்கலத்துப் பெண்ணை அவரோடு ஒப்பிட்டு, கிராமத்தில் இருந்தே சாதி என்று சொல்வது நியாயமில்லை.

மலைக்காடு தம்பிக்கு ஒன்று. மலையாளி மக்கள் விஷயத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பழங்குடிப் பட்டியலில் சேலம், தருமபுரி, வட ஆர்க்காடு, தென் ஆர்க்காடு, திருச்சி, புதுக்கோட்டை என்று மாவட்டப் பெயர் போட்டிருக்கிறார்கள். அதில் பழைய கோயம்புத்தூர் மாவட்டம் இல்லை. ஈரோடு 1979ல் கோவையிலிருந்துதான் பிரிந்தது. அதனால் சேலம் பக்கத்து மலையில் இருப்பவருக்குச் சான்று உண்டு, அதே இனத்தார் கடம்பூரிலும் பர்கூரிலும் இருந்தால் கிடையாது. பெண் கொடுத்து எடுக்கிற சொந்தக்காரர்களுக்குள்ளேயே இந்தப் பாகுபாடு. எத்தனை பத்தாண்டாகக் கேட்கிறார்கள்! சத்தி தாலுகா ஆபீசில் இதைத் தீர்க்க முடியாது. பட்டியலைத் திருத்த நாடாளுமன்றம் சட்டம் போட வேண்டும். அதற்கு வக்கீல் வேண்டும், பத்திரிகைக்காரர் வேண்டும், எம்.பி.க்களைப் போய்ப் பார்க்கிறவர் வேண்டும், இன மரபை ஆராய்ந்து எழுதப் பல்கலைக்கழகத்து ஆள் வேண்டும். இவர்கள் எல்லோரும் எங்கே இருக்கிறார்கள்?

மலைக்காடு:

ஐயா, இந்தக் கோரிக்கையை இத்தனை வருடம் உயிரோடு வைத்திருப்பது யார்? மலையில் இருந்து ஈரோட்டுக்கு நடையாய் நடந்து மனுக் கொடுக்கிற மக்கள். நகரத்தில் வக்கீல் இருக்கிறார், சரி. ஆனால் வக்கீலுக்குக் கொடுக்கப் பழைய பத்திரம், பள்ளிக்கூடப் பதிவேடு, கல்யாண உறவு விவரம் எல்லாம் வீடு வீடாக உட்கார்ந்து எழுதி வாங்க வேண்டும். கிழவர்கள் ஒரு நாளில் சொல்லிவிட மாட்டார்கள். நாலாவது தடவை போகும்போதுதான் தாத்தன் பெயரையே சொல்வார்கள்.

வக்கீலை வாரம் ஒரு தடவை பஸ் ஏறிப் போய்ப் பார்க்கலாம். தாத்தனை அப்படிப் பார்க்க முடியாது.

புதுநாற்று:

நான் எம்.எஸ்.டபிள்யூ. (சமூகப்பணி முதுகலை) முடித்து மூன்று வருடம் ஆகிறது. பெரியவர்கள் யாரும் சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன்.

படிக்கும்போது வாரத்தில் இரண்டு நாள் களப்பணி. கல்லூரியிலிருந்து டவுன் பஸ்ஸில் போய் வருகிற தூரத்தில் இருக்கிற அமைப்புகளுக்குத்தான் அனுப்புவார்கள். அங்கே பழகினவர்கள் படிப்பு முடிந்ததும் அங்கேயே வேலைக்குச் சேர்ந்துவிடுகிறோம். மலைப்பகுதி அமைப்புகளின் பெயரே பல பேருக்குத் தெரியாது. நான் ஆசைப்பட்டு ஒரு மலையடிவார அமைப்பில் சேர்ந்தேன். வேலை பிடித்திருந்தது. தங்க விடுதி இல்லை, ஆபீசின் பின் அறையில் தனியாகத் தங்கினேன். சாயங்கால மையம் முடிந்து ஏழரை மணிக்கு மேல் திரும்ப வேண்டும், யானை நடமாட்டம் வேறு. அப்பா இரண்டு தடவை வந்து பார்த்துவிட்டு, வீட்டுக்கு வா என்று கூட்டிப்போய்விட்டார். இப்போது கோவையில் வேலை. விட்டுவந்த குழந்தைகளின் பெயர் எல்லாம் இன்னும் ஞாபகம் இருக்கிறது.

ஆபீஸ் எங்கே இருந்தாலும் சரி, வேலைக்கு வருகிற பெண் எங்கே தூங்குவாள் என்று யோசித்து முடிவு செய்யுங்கள்.

நொய்யல்கரை:

இந்தப் பெண் சொன்னதை நான் யோசித்ததே இல்லை. கூட்டத்தில் இதை முதல் விஷயமாக வையுங்கள் அம்மிணி.

இன்னும் ஒன்று சொல்ல விட்டுப்போனது. நகரத்தில் வேரும் கிராமத்தில் கையும் என்பதற்கு அரவிந்த் கண் மருத்துவமனை இருக்கிறது. டாக்டர் வெங்கடசாமி 1976ல் மதுரையில் 11 படுக்கையோடு ஆரம்பித்தார். கிராமத்தில் முகாம் போடுவார்கள், ஆபரேஷன் தேவைப்படுகிறவரைப் பஸ்ஸில் நகரத்துக்குக் கூட்டிவந்து, முடித்து, திரும்ப ஊரில் விடுவார்கள். கோவைக்கும் 1997ல் வந்தது. ஆபரேஷன் தியேட்டரை ஒவ்வோர் ஊரிலும் கட்டப் போயிருந்தால் இத்தனை பேருக்குப் பார்வை கிடைத்திருக்காது.

மலைக்காடு:

கண்புரை ஒரு நாள் வேலை, ஐயா. பள்ளிக்கூடத்தை விட்டு நின்ற பிள்ளையைத் திரும்பச் சேர்ப்பது இரண்டு வருட வேலை. முகாம் போட்டுச் செய்ய முடியாது. உங்கள் உதாரணம் நல்லதுதான், அக்காவின் வேலைக்குப் பொருந்தவில்லை.

கடம்பூர்ப்பாதை:

எல்லாப் பதிலையும் இரண்டு தடவை படித்தேன். ஐயா சொன்ன அந்த மூடிப்போன அமைப்பைப் படித்த ராத்திரி தூக்கம் வரவில்லை. எங்கள் வங்கிக் கடவுச்சொல், நன்கொடையாளர் நம்பர், எல்லாம் என் போனிலும் என் தலையிலும்தான் இருக்கின்றன. எனக்கு ஐம்பத்தியிரண்டு வயது, சர்க்கரை இருக்கிறது.

கூட்டத்தில் நான் வைக்கப்போவது இது. பதிவு ஆபீஸ் சத்தியில் இருக்கும். மனு எழுத வருகிற மக்களுக்கு அந்தக் கதவு திறந்திருக்க வேண்டும். கோவையில் பஸ் ஏறி இறங்க வசதியாக இரண்டு அறை உள்ள ஒரு வீடு. ஒன்றில் ஆஸ்பத்திரிக்கு வருகிற குடும்பம் தங்கும். இன்னொன்றில் கணக்கு எழுதுகிற பெண் உட்காருவார், மையங்களுக்குப் போகிற பெண் பணியாளர்களுக்கு வார விடுமுறையில் தங்க இடமும் அதுவே. ஊராளிப் பேச்சுத் தெரிந்த ஒருவரை அங்கே வைக்க வேண்டும். அவினாசிரோடு அக்கா, கடம்பூரிலேயே பிளஸ் டூ முடித்த ஒரு பெண் இருக்கிறாள், எங்கள் மையத்தில் படித்தவள். அவளுக்கு உங்கள் பிரிவில் ஒரு மாதம் பழக்கம் கொடுக்க முடியுமா?

கணக்கேடு சொன்ன 20 சதவீதம் எங்களுக்கு இல்லை, வெளிநாட்டுப் பணம் வாங்குவதில்லை. ஆனாலும் வாடகையை அதற்குள் வைக்கப் பார்க்கிறேன்.

நொய்யல்கரை:

அரை மனசு முடிவு என்றுதான் எனக்குப் படுகிறது. நீங்கள் சத்தியில் இருந்தால் உங்களுக்குப் பின்னால் வருகிறவரைக் கண்டுபிடிப்பது யார்? அதற்கு இதில் பதில் இல்லை. வீடு பார்க்க வேண்டுமானால் சொல்லுங்கள், கணபதி, ரத்தினபுரிப் பக்கம் எனக்குத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். சத்தி பஸ் அந்த வழியாகத்தான் போகும்.

மலைக்காடு:

எனக்குப் பயம் வேறு. இரண்டு அறை மூன்றாகும், அப்புறம் நீங்களே வாரத்தில் நாலு நாள் கோவையில் இருப்பீர்கள். அறங்காவலர் கூட்டத்தைக் கடம்பூரில் வைப்பது என்று அதே தீர்மானத்தில் எழுதிவிடுங்கள் அக்கா. வருடத்தில் இரண்டு தடவையாவது. வருகிறவர்கள் ராத்திரி அங்கேயே தங்க வேண்டும்.

அவினாசிரோடு:

அந்தப் பெண்ணை அனுப்புங்கள். மேலிடத்தில் கேட்டுவிட்டேன், சரி என்றார்கள். திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு வந்தால் போதும். முதல் வாரம் என் வீட்டிலேயே தங்கட்டும்.

கணக்கேடு:

கிளை திறப்பதற்குத் தீர்மானம் எழுதும்போது வங்கியில் கையெழுத்துப் போட இன்னும் இரண்டு பேரைச் சேர்க்கிற தீர்மானத்தையும் அன்றைக்கே போட்டுவிடுங்கள். அதற்குப் பெரியவர் சொல்கிற நகரமும் வேண்டாம், தம்பி சொல்கிற மலையும் வேண்டாம், ஒரு தாளும் மூன்று கையெழுத்தும் போதும். மாதிரி வாசகம் தனிச் செய்தியில் அனுப்பியிருக்கிறேன்.